கோமதி அக்கா வீட்டு ஸ்பீக்கர்கள்

நம்ம ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர்கள் சங்கத்திலிருந்து போன மாதம் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். இப்போதெல்லாம் ஒரு வீட்டில் ஸ்பீக்கர் வைக்கப் போனால் சின்ன மைக் ஒன்றை அறை நடுவில் நிறுத்திவிட்டுப் பொத்தானை அமுக்குகிறார்கள். கூய் என்று ஒரு சத்தம் போய் வருகிறது. மிஷினே அளந்து, மிஷினே சரிபண்ணிக் கொள்கிறது. உங்கள் காலத்தில் எல்லாவற்றையும் வெறும் காதிலேயே செட் பண்ணினீர்களாமே, அதைப் பற்றிப் பெருமையாக நாலு பக்கம் எழுதுங்கள் என்றார்கள். பெருமைப்பட என்னிடம் ஒன்றும் கிடையாது. சொல்லியே ஆக வேண்டியது ஒன்று இருக்கிறது. மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

எனக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். வீட்டில் நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையும்தான் பயிர். எனக்கு அது ஒத்துவரவில்லை. ஐ.டி.ஐ.யில் ரேடியோ மெக்கானிக் படித்துவிட்டு 1989-ல் திருவண்ணாமலையில் ஜபார் பாய் கடையில் சேர்ந்தேன். ஊர் மாவட்டத் தலைநகரான புதிது. மாற்றலாகி வந்த ஆபீசர்கள் எல்லோருக்கும் வீட்டில் ஒரு ஸ்டீரியோ செட் வேண்டியிருந்தது. கடையின் முன்பக்கத்தில் அந்த வியாபாரம். பின்பக்கத்தில் கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் குழாய் ஸ்பீக்கர் வாடகைக்கு விடுவது. முதல் இரண்டு வருஷம் சால்டரிங் வைத்தேன், கையைச் சுட்டுக்கொண்டேன், திட்டு வாங்கினேன். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை வரைக்கும் கம்பம் கம்பமாகக் குழாய் கட்டுவோம். கட்டி முடித்ததும் கம்பத்தடியிலேயே ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் வேலை. தலைக்கு மேலே குழாய் அலறிக்கொண்டிருக்கும். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்லி பாய் ஒவ்வொரு முறையும் ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்புவார். பஞ்சு வைத்தவனை மற்ற செட்டுக்காரர்கள் பொம்பளை என்று கேலி பண்ணுவார்கள். நானும் பெரிய வீரன் மாதிரி அந்தப் பஞ்சில் மண்ணெண்ணெய் நனைத்து ஆம்ப்ளிஃபயர் துடைப்பேன். பதினாலு வருஷம் அப்படித்தான் ஓடியது.

பாய் வேலை செய்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனால் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பார். அப்புறம் அந்த வீட்டில் யார் அதிகம் பாட்டுக் கேட்கிறார்களோ அவர்கள் உட்காரும் நாற்காலியில் போய் உட்காருவார். பத்து நிமிஷம் பேசமாட்டார். ஃபேனை நிறுத்தச் சொல்வார். அறை எப்படி இருக்கிறது என்று அந்தப் பத்து நிமிஷத்தில் கேட்டுக்கொள்கிறாராம். பிறகு ஒரே ஒரு தடவை கை தட்டுவார். அந்தச் சத்தம் எந்தச் சுவரில் பட்டு எப்படித் திரும்பி வருகிறது என்பதை வைத்து இரண்டு பெட்டியும் நிற்க வேண்டிய இடத்தில் சாக்கட்டியால் கோடு போடுவார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு நூல்கண்டு இருக்கும். கேட்பவரின் தலை இருக்கும் இடத்திலிருந்து இரண்டு ஸ்பீக்கருக்கும் நூல் பிடித்துப் பார்ப்பார். ஒரு விரல்கடை கூடக் குறைய இருந்தாலும் பெட்டியை நகர்த்தச் சொல்வார்.

எல்லாம் ஆன பிறகும் பாட்டுப் போட மாட்டார். ரேடியோவில் செய்தி வாசிப்பதை வைப்பார். "மனுசன் பேசறது மனுசன் பேசற மாதிரி இருக்கணும். மீதியெல்லாம் தானா வரும்" என்பார். அதைக் கேட்டுக்கொண்டே ட்வீட்டரின் அளவைக் கூட்டிக் குறைப்பார். ட்வீட்டர் என்பது பெட்டிக்கு மேல் பகுதியில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர். தாளத்தின் ஜிங்கென்ற ஓசை, 'ஸ' 'ச' என்ற எழுத்துகளின் சீறல், இதெல்லாம் அதிலிருந்துதான் வரும். அது கம்மியானால் போர்வைக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருக்கும். ஜாஸ்தியானால் காதைக் குத்தும். வயரிங்கை யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். இந்த ஒரு இடத்தில்தான் காது வேண்டும்.

1991-ல் எனக்கு முதல் முதலாக ஸ்பீக்கர் வைக்கத் தனியாக ஒரு வீடு கொடுத்தார். வேங்கிக்காலில் சர்வே ஆபீசில் வேலை பார்த்த சம்பந்தம் சார் வீடு. அவர் மனைவி கோமதி அக்கா, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ப்ளைவுட்டில் நானே பெட்டி அடித்து, ரெக்ஸின் ஒட்டி, எட்டு இஞ்ச் ஸ்பீக்கர் மாட்டிக் கொண்டுபோனேன். பாய் மாதிரியே தண்ணீர் கேட்டேன், பாய் மாதிரியே கை தட்டினேன். அக்கா தலைக்கு நேராக நூலைப் பிடித்தபோது, "இன்னா தம்பி, என்னை வச்சுப் பட்டம் விடறியா?" என்று சிரித்தார்கள்.

அந்த அக்காவுக்கு இருந்த காது மாதிரி நான் பார்த்ததில்லை. இருபது வருஷம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக லைன் போட்டுக் கொடுத்தவர்கள். ஆறு மாதம் கழித்து ஒருநாள் கடைக்குப் போன் பண்ணி, இடது பக்கத்தில் ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பாய் வந்து கழற்றிப் பார்த்தபோது ஸ்பீக்கர் காகிதத்தின் ஓரத்தில் அரை நகம் அளவுக்குப் பசை விட்டுப்போயிருந்தது. பாய் அக்காவைப் பார்த்து, எங்கள் கடைக்கு வந்துவிடுங்கள் என்று வேடிக்கையாகச் சொன்னார்.

அப்புறம் அக்காவுக்கு முடக்குவாதம் வந்தது. விரல்கள் கோணிக்கொண்டன. வேலையை விட்டார்கள். 2000 வாக்கில் நடப்பதும் நின்றுபோய், ஹாலிலேயே கட்டில் போட்டுப் படுத்துவிட்டார்கள். மகள் கல்யாணமாகி பெங்களூரில். சார் ஆபீஸ் போய்விட்டால் நாள் முழுக்க அக்காவுக்குத் துணை அந்த இரண்டு ப்ளைவுட் பெட்டிகள்தான். காலையில் ரேடியோ, மத்தியானம் கேசட். வேலைக்கு வரும் செல்வி மாற்றி மாற்றிப் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுவாள். வலி ஜாஸ்தியாக இருக்கிற அன்றைக்குப் பாட்டு இல்லாமல் முடியாது தம்பி என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள்.

இந்தக் காலத்தில்தான் கடையில் எனக்கும் பாய்க்கும் முட்டிக்கொண்டது. நான் ஒரு வீட்டில் ஸ்பீக்கர் வைத்துவிட்டு வந்தால், இரண்டு நாள் கழித்து பாய் அந்தப் பக்கம் போகிற மாதிரி அந்த வீட்டுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவார். முதலில் நான் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் ஒரு வாடிக்கையாளர், உங்கள் முதலாளி வந்து பின்னால் குமிழைக் கொஞ்சம் திருப்பினார், இப்போது நல்லா இருக்கிறது என்று என்னிடமே சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெயரெல்லாம் தனக்கே வேண்டும் என்று அலைகிறார் கிழவர் என்று நினைத்தேன். வெளியிலும் சொன்னேன். ஒருநாள் கடையில் ஆள் இருக்கும்போதே, "பாய், நான் செட் பண்ண வீட்டுக்குப் பின்னாடியே நீங்க போறது எனக்குப் பிடிக்கல. இனிமே போனீங்கன்னா நான் நின்னுக்கறேன்" என்று சொல்லிவிட்டேன்.

 பாய் ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. "சரிப்பா. போகல" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

2003-ல் சம்பந்தம் சார் ரிட்டயர்டு ஆனார். ஆன மறுவாரமே கடைக்கு வந்தார். அவளுக்கு இருக்கிறது இது ஒன்றுதான் முருகேசா, இருக்கிறதிலேயே உசத்தியாகப் போட வேண்டும் என்றார். நானே சென்னைக்குப் போய்க் கேட்டுப் பார்த்து எடுத்துவந்தேன். வெளிநாட்டு ஸ்பீக்கர். இடுப்பு உயரம், தேக்கு நிறம், ட்வீட்டர் உலோகத்தில். பின்னால் ட்வீட்டரைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ். அந்த மாதிரி ஒரு ஜோடி அதுவரைக்கும் எங்கள் கடை வழியாக எந்த வீட்டுக்கும் போனதில்லை.

அன்றைக்கு நான் செய்த வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. அக்கா கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாததால், தலையணையிலிருந்து நூல் பிடித்தேன். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தலையைத் தலையணை உயரத்துக்கு வைத்துக்கொண்டு அரைமணி நேரம் செய்தி கேட்டேன். குரல் மந்தமாக இருப்பதாகப் பட்டது. குமிழைக் கூட்டினேன். இன்னும் கொஞ்சம் கூட்டினேன். அப்போதுதான் எனக்குக் குரல் தெளிந்து வந்தது. சாரைக் கேட்டேன். பிரமாதம் என்றார். அவருக்கு அறுபது நெருங்கிவிட்டது, அந்த வயதுக் காதுக்கு அது பிரமாதமாகத்தான் இருந்திருக்கும். அக்காவைக் கேட்டேன்.  சார் முகத்தைப் பார்த்தார்கள், என் முகத்தைப் பார்த்தார்கள்.

"நல்லாருக்கு தம்பி" என்றார்கள். கொஞ்சம் பொறுத்து, "அந்தப் பழசு ரெண்டையும் எங்கயாவது ஓரமா வச்சிக்கலாமா?" என்று கேட்டார்கள்.

பழைய பெட்டிகளை அதற்குள் வண்டியில் ஏற்றியாகிவிட்டது. புதுசுக்கு மாற்றாக எடுத்துக்கொண்ட பழைய பெட்டியை அன்றைக்கே உடைத்துவிடுவது எங்கள் கடை வழக்கம். கடைப் பெயரோடு பழைய சரக்கு வெளியில் சுற்றக் கூடாது என்பதற்காக. நான் சிரித்துக்கொண்டே, "அக்கா, இதைக் கேட்டுட்டு இனிமே அதைப் போய்க் கேப்பீங்களா?" என்றேன். சாரும் சிரித்தார். அக்காவும் சிரித்த மாதிரிதான் இருந்தது. சாயங்காலம் கடைப் பின்பக்கத்தில் நானே சுத்தியலால் உடைத்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு முறை அந்த வீட்டுக்குப் போனேன். இரண்டு முறையும் செட் அணைந்திருந்தது. இப்பதான் நிறுத்தினேன் என்றார்கள் அக்கா. சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவள் முன் மாதிரி பாட்டுக் கேட்பதில்லை, நீங்கள் கேளுங்கள் என்கிறாள், உடம்பு முடியவில்லை போல என்று வருத்தப்பட்டார். இரண்டாவது முறை, புது ஸ்பீக்கர் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், இன்னும் திறந்துவிடுகிறேன் என்று பெரிய மேதாவி மாதிரி சொல்லிவிட்டுக் குமிழை இன்னும் ஒரு சுற்றுக் கூட்டினேன். நல்லாருக்கா அக்கா என்றேன். நல்லாருக்கு தம்பி என்றார்கள். 

எட்டு மாதத்தில் மார்ச்சளி வந்து அக்கா போய்விட்டார்கள்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள், ஸ்பீக்கரைக் கழற்றி உள்ளறையில் வைத்துவிட்டுப் போ என்று சார் கூப்பிட்டார். தூசி துடைப்பதற்காக முன்பக்க வலையைக் கழற்றினேன். இரண்டு ட்வீட்டரின் மேலும் துணி. பழைய புடவையைக் கிழித்து எட்டாக மடித்து, நாலு மூலையிலும் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்தது. சார் மாடியில் இருந்தார். செல்வி வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன்.

அவள் முதலில் தயங்கினாள். "அம்மாதான் வைக்கச் சொன்னாங்க. காதுல ஊசி வச்சுக் குத்தற மாதிரி இருக்குதுன்னு சொல்லுவாங்க. மொதல்ல நாலா மடிச்சு வச்சேன், அப்புறம் எட்டா மடிச்சேன். நீங்க மறுபடி வந்துட்டுப் போனீங்க இல்ல, அதுக்கப்புறம் இதுவும் பத்தலைன்னு பாட்டே வேணான்னுட்டாங்க."

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. சார்கிட்டயும் சொல்லக் கூடாதாம். ரெண்டு பேரும் அவ்ளோ ஆசையா செஞ்சிருக்காங்க, மனசு ஒடைஞ்சிடும்னாங்க."

துணியைச் சுருட்டி பேண்ட் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தேன். பாய் முன்னால் அதை எடுத்து வைத்தேன். செல்வி சொன்னதைச் சொன்னேன். ரிப்பேருக்கு வந்திருந்த ஒரு டிவியின் பக்கம் என்னைத் திருப்பி உட்காரவைத்து, கண்ணை மூடச் சொன்னார். அந்தக் காலத்து டிவி ஓடினால் வால்யூமை முழுசாகக் குறைத்தாலும் கீச்சென்று மெல்லிய ஓசை ஒன்று வந்துகொண்டே இருக்கும். சேர்ந்த புதிதில் தெருவில் நின்றே எந்த வீட்டில் டிவி ஓடுகிறது என்று சொல்லுவேன் நான். டிவி ஓடுகிறதா, நின்றிருக்கிறதா என்று பாய் கேட்டார். நின்றிருக்கிறது என்றேன். கண்ணைத் திறந்தேன். திரையில் படம் ஓடிக்கொண்டிருந்தது.

உயர்ந்த ஓசைகள் என் காதுக்கு எட்டாமல் போயே ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. பேச்சு கேட்கும், பாட்டு கேட்கும், அதனால் எனக்குத் தெரியவில்லை. எனக்குக் கேட்கிற வரைக்கும் ட்வீட்டரைக் கூட்டிக் கூட்டி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். பாய் டீ குடிக்கிற சாக்கில் வீடு வீடாகப் போய் அதைக் குறைத்துவிட்டு வந்திருக்கிறார். நான் போகக் கூடாது என்று சொன்ன பிறகு போகாமல் விட்ட முதல் வீடு சம்பந்தம் சார் வீடு.

"ஏன் பாய் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். அழுகை வந்துவிட்டது.

"தொழில் பண்றவங்கிட்ட உன் காது போச்சுன்னு எப்டிப்பா சொல்றது? குமிழைத் திருப்பிட்டு வர்றது எனக்கு லேசா இருந்துச்சு" என்றார். பிறகு, "சொல்லியிருக்கணும். தப்புதான்" என்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

பாய் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அன்றிலிருந்து கடையிலேயே உட்கார்ந்து ரிப்பேர் பார்க்கிற வேலைக்கு மாறிக்கொண்டேன். ஸ்பீக்கர் வைக்கப் போனாலும் கடைசியில் அந்த வீட்டுப் பெண்களையோ பிள்ளைகளையோ உட்காரவைத்து, குத்துகிறதா, மங்குகிறதா என்று கேட்டுக் கேட்டுத்தான் குமிழைத் தொடுவேன். வாடிக்கையாளரை மதிக்கிறான் என்று நல்ல பெயர்கூட வந்தது. அந்தப் பெயர் எப்படி வந்தது என்பது எனக்கும் பாய்க்கும் மட்டும் தெரியும்.

சம்பந்தம் சாரிடம் நான் சொல்லவில்லை. பயம். ஊரில் தெரிந்தால் சோறு போய்விடும் என்ற பயம். எனக்கு அப்போது இரண்டு பெண் குழந்தைகள். துணியை எடுத்தது நல்லதாய்ப் போயிற்று, இனி அவருக்குத் தெரிய வழியில்லை என்றுகூட ஒரு கேடுகெட்ட நிம்மதி இருந்தது. இரண்டு வருஷம் அப்படி இருந்தேன். அதற்குள் பாய் காலமாகிவிட்டார். கடையை அவர் மருமகன் எடுத்துக்கொண்டார்.

2006-ல் ஒருநாள் மத்தியானம் தேரடித் தெருவில் சாரைப் பார்த்தேன். இளைத்துப் போயிருந்தார். வீட்டுக்கு வா என்று கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டார். செல்வியும் நின்றுவிட்டாளாம், தனியாகச் சமைத்துக்கொள்கிறாராம். ஹாலில் கட்டில் இருந்த இடம் காலியாக இருந்தது. ஸ்பீக்கர் இரண்டும் அதே கோட்டில் நின்றன. தினமும் கொஞ்ச நேரம் போடுகிறேன் என்றார். பிறகு குரல் தாழ்ந்தது.

"ஒண்ணு மட்டும் மனசை அறுக்குது முருகேசா. கடைசி எட்டு மாசம் அவ பாட்டே கேக்கல. அந்தப் பழைய பெட்டியை அவளைக் கேக்காம குடுத்துட்டேன்ல. அந்தக் கோவத்துலயே போயிட்டாளோன்னு இருக்குது."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். குழாய் ஸ்பீக்கர், பஞ்சு, பாய் வந்து வந்து திருத்தியது, நான் தடுத்தது, துணி, செல்வி சொன்னது, எதையும் விடவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் நான் பேசி முடிக்கும் வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவ எம்மேல கோவமா இல்ல" என்றார்.

"இல்ல சார். நம்ம மனசு நோகக் கூடாதுன்னுதான் சொல்லல."

"நம்ம மனசு" என்று இரண்டு தடவை சொன்னார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் அழுதார். நானும் அழுதேன். அப்புறம் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து, செட்டைப் போட்டார். ரேடியோவில் ஏதோ ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு எப்டி வச்சா நல்லாருக்குமோ அப்டி வச்சிடு" என்றார்.

நான் ஸ்பீக்கருக்குப் பின்னால் போய்க் குமிழைக் குறைத்தேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவரைப் பார்த்தேன். அவருக்கும் தெரியவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. இன்னும் கொஞ்சம் குறைத்தேன். மறுபடி கொஞ்சம் கூட்டினேன்.

"இப்ப சரியா இருக்குதா?" என்று சார் கேட்டார்.

"தெரியல சார்" என்றேன்.